தூங்குமூஞ்சி இல்லை சார், எம்.எஸ்.!

மதியம் மூன்று மணிக்கு ஆபீஸில் கொட்டாவி விடாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம்.

யாரும் இல்லையே? நல்லது. வயிற்றில் சாம்பார் சாதம், தலைக்கு மேலே ஃபேன், எதிரே ஒரு மாதாந்திர ஸ்டேட்மென்ட். மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் கண் சொருகத்தான் செய்யும். எழுந்து போய் ஒரு டீ அடித்துவிட்டு, நாலு பேரிடம் அரசியல் பேசிவிட்டு வந்தால் தெளிந்துவிடும்.

என் விஷயம் வேறு. உங்களுக்கு மூன்று மணிக்கு வருவது எனக்குக் காலை பத்தேகாலுக்கே வந்துவிடும். டீக்குப் பயப்படாது. ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் போகாது. ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்தாலும் திங்கட்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்திருக்கும், வாடகை பாக்கிக்கு வந்த வீட்டுக்காரர் மாதிரி.

அதற்கு ஒரு பெயர் உண்டு. எம்.எஸ்.

அந்த எம்.எஸ். இல்லை!

எம்.எஸ். என்றதும் சுப்ரபாதம் காதில் கேட்டால் நீங்கள் என் அம்மா கட்சி. 'மெல்லிசை மன்னர்' என்றால் அப்பா கட்சி. தோனி என்றால் என் பையன் கட்சி. 2017-ல் டாக்டர் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னபோது கூட வந்திருந்த அம்மா, "அவங்க காலமாகி ரொம்ப வருஷமாச்சே டாக்டர்!" என்றாள். அந்த அறையில் அன்றைக்குச் சிரித்தது டாக்டர் மட்டும்தான்.

முழுப் பெயர் மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். 'பல இடங்களில் கெட்டிப்படுதல்' என்று அர்த்தம். பாரிஸின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் ஷார்கோ என்கிற நரம்பியல் மேதை 1868-ல் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்.

நரம்பை ஒரு கரண்ட் வயராக நினைத்துக்கொள்ளுங்கள். வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. பெயர் மயலின். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய உடம்பின் எதிர்ப்புப் படை, எதிரி யாரென்று தெரியாமல் இந்த உறையைக் கடித்துக் குதற ஆரம்பித்துவிடுகிறது. வாட்ச்மேனே பூட்டை உடைக்கிற கேஸ்! மூளை, தண்டுவடம், கண் நரம்பு என்று எங்கே உறை பிய்கிறதோ அங்கே சிக்னல் தாமதமாகும். சில சமயம் போய்ச் சேரவே சேராது.

எனக்கு முதலில் பிய்ந்தது இடது கண் நரம்பு. இட்லிக்கடையில் பொட்டலம் கட்டித் தருவார்களே எண்ணெய்த் தாள், அதைக் கண்ணில் ஒட்டினாற்போல் உலகம் மங்கிப்போனது. இரண்டு மாதம் கழித்து வலது காலில் மரமரப்பு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். எனக்கு அப்போது வயது 29. இந்த வியாதி பெரும்பாலும் பிடிப்பதே 20-க்கும் 40-க்கும் நடுவில்தான். பெண்களை ஆண்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020-ல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். நம் நாட்டில் அபூர்வம் என்றுதான் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. மெஷின் ஊருக்கு ஊர் வந்த பிறகு என்னைப் போல் நிறைய பேர் படத்தில் மாட்டினோம்.

கண் தேறிவிட்டது. கால் முக்கால்வாசி தேறிவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நான் சாட்சாத் நல்ல மனிதன். தேறாமல் போனது ஒன்றே ஒன்று. அசதி.

எம்.எஸ். உள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்காவது இந்த அசதி உண்டு. கைத்தடி வெளியே தெரியும், சக்கர நாற்காலி தெரியும். அசதி தெரியாது. எங்கள் ஜாதகத்தில் சனி உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான்.

குறிப்பாணை வந்தது!

நான் வேலை பார்ப்பது ஒரு அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் போக வேண்டும்.

2018 மே மாதம். கத்திரி வெயில். மாடியில் எங்கள் பிரிவு. பதினோரு மணிக்கு எண்களெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏற ஆரம்பிக்கும். ஒரு பக்கத்தைக் கூட்டி முடித்து அடுத்த பக்கம் திருப்பினால், முதல் பக்கத்தின் கூட்டுத்தொகை மறந்து போயிருக்கும். கை ஒரு மூட்டை மாதிரி கனக்கும். மேஜையில் தலையைச் சாய்த்தால்தான் உயிர் தங்கும் போல இருக்கும். சாய்ப்பேன்.

முதலில் கிண்டல். "என்னய்யா, கும்பகர்ணனுக்கு இன்னிக்கு எத்தனை மணிக்கு நடை திறப்பு?" என்பார் சூப்பரின்டென்ட். பிறகு பட்டப்பெயர்: தூங்குமூஞ்சி. பிறகு ஒரு நாள் மேஜை மேல் காகிதம். 'பணி நேரத்தில் இருக்கையில் உறங்கியமை குறித்துத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை மேற்கொள்ளக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற ஏழு தினங்களுக்குள்...'

கொடுத்துவிட்டுப் போன அலுவலக உதவியாளர் காதோரம் குனிந்து, "சார், ராத்திரி ஏதாவது பார்ட் டைம் பாக்குறீங்களா?" என்றார் அக்கறையாக.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக டாக்டரிடம் போனேன். படித்தார். "ஏழு நாள்ல பதில் எழுதிடலாம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். உங்களுக்கு வர்றது தூக்கமா, அசதியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானே டாக்டர்?"

"இல்லவே இல்லை. தூக்கம்னா கண்ணை மூடினா தூங்கிடுவீங்க. அசதின்னா மூடினாலும் தூக்கம் வராது, திறந்தாலும் வண்டி ஓடாது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற."

மார்க் ஷீட்

அளப்பதற்கு இரண்டு கேள்வித்தாள்கள் கொடுத்தார்.

அசதிக்கு ஒன்று. அமெரிக்காவில் லாரன் க்ரூப் என்ற டாக்டரம்மாவும் சகாக்களும் 1989-ல் தயாரித்தது. ஒன்பதே வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மார்க். சராசரி 4-ஐத் தாண்டினால் அசதியைச் சட்டை செய்தாக வேண்டும்.

தூக்கத்துக்கு இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் எப்வர்த் மருத்துவமனையில் இருந்த மர்ரே ஜான்ஸ் 1991-ல் வெளியிட்டது. எட்டு சந்தர்ப்பங்கள். டி.வி. பார்க்கும்போது, படிக்கும்போது, ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, வண்டி சிக்னலில் நிற்கும்போது என்று. ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை நீங்களே மார்க் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று அர்த்தம்.

அசதியில் எனக்கு 5.8. தூக்கத்தில் 14. பள்ளிக்கூட நாளில்கூட இப்படி இரண்டு பேப்பரிலும் நான் தேறியதில்லை!

"அப்ப உங்க கிட்ட ரெண்டு திருடன் இருக்கான். தனித்தனியாத்தான் பிடிக்கணும்" என்றார் டாக்டர்.

ஒரு ஃபைல், ஆறு டேபிள்

முதல் திருடன், வியாதி நேரடியாகக் கொடுக்கும் அசதி. உறை பிய்ந்த நரம்பில் சிக்னல் தடுமாறுவதால் மூளை சுற்றுவழியில் வேலையை முடிக்கப் பார்க்கிறது. விரலைத் தட்டுவது மாதிரி சாதாரண வேலை செய்யச் சொல்லி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், மற்றவர்களுக்கு மூளையில் எரிகிற விளக்கைவிட எங்களுக்கு அதிக இடங்களில் விளக்கு எரிகிறது. அரசு ஊழியன் பாஷையில் சொன்னால், ஒரு டேபிளில் கையெழுத்தாக வேண்டிய ஃபைல் ஆறு டேபிள் சுற்றி வருகிறது. வேலை முடியும்தான். ஆபீஸ் மொத்தமும் களைத்துப் போகும்.

இதில் வெயில் வேறு. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே போதும், பிய்ந்த நரம்பு இன்னும் மந்தமாகிவிடும். 1890-லேயே ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். உடற்பயிற்சி செய்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கண்டுபிடித்தவர் அவர். அந்தக் காலத்தில் வியாதி இருக்கிறதா என்று பார்க்க ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். சென்னையில் அதற்குத் தனியாகத் தொட்டி வேண்டாம். மே மாதம் பஸ் ஏறினால் போதும்.

ராத்திரி டியூட்டித் திருடர்கள்

இரண்டாவது திருடனைப் பிடிக்க டாக்டர் இரண்டு வாரம் டைரி எழுதச் சொன்னார். எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை தடவை எழுந்தேன், பகலில் எப்போது கண்ணயர்ந்தேன். நான் எழுதியதைவிட என் மனைவி ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்தான் டாக்டருக்குப் பிடித்திருந்தன. ஒரு குறிப்பு: 'ராத்திரி முழுக்க சைக்கிள் மிதிக்கிறார்.'

அது முதல் துப்பு. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊரும். காலை ஆட்டினால்தான் நிற்கும். நிறுத்தினால் மறுபடி ஊரும். ஓயாத கால் என்று இதற்குத் தமிழில் சொல்லலாம். இத்தாலியில் 2008-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், எம்.எஸ். உள்ளவர்களில் 100-க்கு 19 பேருக்கு இந்தத் தொல்லை இருந்தது. இல்லாதவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான்.

ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தார்கள். இந்தக் கால் தொல்லை இருப்பவர்களுக்கு அது 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து கொடுத்துப் பார்ப்பது வழக்கம். எனக்கு 18! மூன்று மாதம் மாத்திரை. சைக்கிள் நின்றது. மனைவியின் இடுப்பு தப்பித்தது.

இரண்டாவது துப்பு பாத்ரூம். ராத்திரி நான்கு தடவை. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பும் தண்டுவடம் வழியாகத்தானே போகிறது? அங்கே உறை பிய்ந்தால் பை நிறையாமலே மணி அடிக்கும். சிலருக்கு முழுசாகக் காலியாகாமல் பாதி தங்கிவிடும். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அதற்கென்று மாத்திரை கொடுத்தார்கள். பகலில் நிறையத் தண்ணீர், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்தம் என்று ஒரு டைம் டேபிளும் போட்டுக் கொடுத்தார்கள். நான்கு ஒன்றானது.

மூன்றாவது, குறட்டை. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை வயர் ஒட்டி, ராக்கெட் விடப் போகிறவன் மாதிரி படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பார்க்க. மூச்சுக்குத் தாளம் போடும் மூளைத்தண்டில் எம்.எஸ். திட்டு விழுந்தவர்களுக்கு இது வரலாம். பருமனான யாருக்கும்கூட வரலாம். எனக்கு வெறும் குறட்டைதான் என்று ரிசல்ட் வந்தது. 'வெறும்' என்ற வார்த்தையை மனைவி ஆட்சேபித்தாள்.

இன்னும் சில பேர் இந்தக் கூட்டணியில் உண்டு. தசை இழுப்பு, வலி, மனச்சோர்வு. சில சமயம் மருந்தே திருடனாகும். நோய் திடீரென்று முற்றும்போது மூன்று முதல் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். கண் தெரியாமல் போன அந்த முதல் தடவை, ஸ்டீராய்டு வேகத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் சமையலறை டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்தேன். அரிசிக்குப் பக்கத்தில் அப்பளம்! காலையில் ஏற்றினால் ராத்திரித் தூக்கம் கொஞ்சமாவது மிஞ்சும் என்பதால் காலையிலேயே ஏற்றப் பார்ப்பார்கள்.

மூளைக்குள் ஹெட்கிளார்க்

திருடர்களைப் பிடித்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. ராத்திரி பன்னிரண்டரை வரை கொட்டக் கொட்ட முழிப்பு. காலை எட்டு மணிக்கு எழுப்பினால் உலக்கை மாதிரி கிடப்பேன். டாக்டர் டைரியைப் பார்த்துவிட்டு, "உங்க ஹெட்கிளார்க் லேட்டா வர்றார்" என்றார்.

நம் கண்களிலிருந்து வரும் இரண்டு நரம்புகளும் மூளையில் ஓர் இடத்தில் குறுக்கே தாண்டுகின்றன. அதற்கு நேர் மேலே சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு குட்டி ஆபீஸ். எப்போது தூக்கம், எப்போது விழிப்பு, எப்போது உடம்புச் சூடு ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று எல்லா இலாகாவுக்கும் சுற்றறிக்கை அனுப்புவது அதுதான். நான் எம்.எஸ். பட்டம் வாங்கிய அதே 2017-ல், பழ ஈக்களை வைத்து இந்த உடம்புக் கடிகாரத்தின் மரபணு நுட்பத்தைக் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் என்கிற மூன்று அமெரிக்கர்கள் நோபல் பரிசு வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது நல்ல பட்டம்.

இந்த ஹெட்கிளார்க்கிடம் ஒரு குறை. மனிதனுக்கு அவர் வைத்திருக்கும் கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிஷம். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டுத்தான் அவர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார். வெளிச்சம் படாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக லேட்டாகிக்கொண்டே போவார். அந்த வெளிச்சச் செய்தி வந்து சேர்வது கண் நரம்பு வழியாக. எம்.எஸ். விரும்பிக் கடிக்கும் இடங்களில் ஒன்று அதே கண் நரம்பு!

போதாததற்கு, அசதியால் நாங்கள் வெளியே போவதைக் குறைக்கிறோம். காலை வெயில் கிடைப்பதில்லை. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறோம். ராத்திரிக்குத் தூக்கம் மிச்சமில்லை. முழித்துக்கொண்டு செல்போனை நோண்டுகிறோம். அந்த வெளிச்சம் இருட்டில் சுரக்க வேண்டிய மெலடோனினை அமுக்குகிறது. மறுநாள் இன்னும் அசதி. செக்குமாடு இதைவிடக் குறைவாகத்தான் சுற்றும்.

இதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டில் மருந்தே இல்லை. காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறு. வெயில் சூடேறும் முன் அரை மணி மொட்டை மாடியில் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பகல் தூக்கம் இருபது நிமிஷம், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். தூக்கம் வந்த பிறகுதான் படுக்கை. இருபது நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். செல்போன் ஹாலில் தூங்கட்டும். மதியத்துக்கு மேல் காபி கிடையாது. காபியின் காஃபீனில் பாதி கரைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. நாலு மணிக் காபியில் பாதி, ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

கும்பகோணத்துக்காரனிடம் நாலு மணிக் காபியைப் பிடுங்குவதற்கு அந்த டாக்டருக்கு எவ்வளவு துணிச்சல்! ஆனால் ஆறு வாரத்தில் ஹெட்கிளார்க் பதினொன்றுக்குள் ஆஜர்.

மாத்திரை இல்லையா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. இருக்கிறது, ஆனால் சினிமாவில் வருகிற மாதிரி இல்லை. அசதிக்கென்று டாக்டர்கள் வருஷக்கணக்கில் எழுதி வந்த அமான்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றையும் 141 பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுத்து, கூடவே வெறும் டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. அசதியைக் குறைப்பதில் மூன்றுமே டம்மியைத் தாண்டவில்லை!

2024-ல் வந்த இன்னொரு ஆய்வு கொஞ்சம் ஆறுதல். 336 பேர். சிலருக்கு மொடாஃபினில், சிலருக்கு எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத் தரும் பயிற்சி, அதுவும் டெலிபோனிலேயே, சிலருக்கு இரண்டும். மூன்று கோஷ்டிக்கும் அசதி குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் லாபம் இல்லை. போனில் பேசிக் கற்றுத் தந்த பயிற்சி மாத்திரைக்குச் சமமாக நின்றது என்பதுதான் விஷயம்.

உடற்பயிற்சியும் அப்படித்தான். ஒரு காலத்தில் எம்.எஸ். என்றால் 'அலட்டிக்காம இருங்க' என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் 15 வாரம் நோயாளிகளுக்கு முறையாக உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்து, உடலும் மனமும் தேறுவதை 1996-ல் வெளியிட்டார்கள். அதிலிருந்து அறிவுரை தலைகீழாக மாறியது. இப்போது 'சூடேறாமல் செய்யுங்க, நிறுத்தாம செய்யுங்க' என்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கு

மிச்சத்தை நான் என் தொழில் புத்தியால் சமாளிக்கிறேன். காலையில் எழும்போது எனக்கு ஒரு நாளைக்கு நூறு ரூபாய் அலவன்ஸ் வருவதாக வைத்துக்கொள்கிறேன். குளியல் பத்து ரூபாய். வெந்நீர் என்றால் இருபது, அதனால் தண்ணீர்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் முப்பது, உட்கார்ந்தால் பத்து. அதனால் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போவேன். பட்ஜெட் கூட்டல் கழித்தல் எல்லாம் பதினொரு மணிக்குள். கடிதம் அனுப்புவது, ஃபைல் கட்டுவது மதியத்துக்கு. இருபது ரூபாய் கையிருப்பு எப்போதும் தொடக்கூடாது. அது சாயங்காலம் பையனோடு பேசுவதற்கு.

கையிருப்பு தீர்ந்தால் கடன் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால், மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இலை போடப் போவேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

குறிப்பாணைக்கு வருவோம். ஏழாவது நாள் என் விளக்கம் போயிற்று. டாக்டரின் சான்றிதழ், இரண்டு மார்க் ஷீட், கூடவே ஒரு சட்டத்தின் பெயர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸும் ஒன்று. பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால் அதற்காக அரசு நிறுவனம் ஆளை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. வேலை செய்ய ஏதுவான நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். 20-வது பிரிவு இது.

நிறைய பேருக்கு இது தெரியாது. எங்கள் அலுவலகத்துக்கும் தெரியாது. அதிகாரி ஒருவர் சட்டப் புத்தகத்தை வரவழைத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இரண்டு தடவை படித்தார். நான் கேட்டது மூன்றே மூன்று. மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு, ஏ.சி. இருக்கும் அறைக்கு மாற்றம். மதியம் இருபது நிமிஷம் பதிவறையில் ஒரு பெஞ்ச். முக்கியமான கணக்கு வேலைகள் காலையில். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. உத்தரவு வர மட்டும் எட்டு மாதம் ஆயிற்று. (ஃபைல் எத்தனை டேபிள் சுற்றியதோ!)

அந்த வருஷ மார்ச் கணக்கை எங்கள் பிரிவு தேதிக்கு முன்னால் முடித்தது. சூப்பரின்டென்ட் எதுவும் சொல்லவில்லை. பதிவறை பெஞ்சுக்கு ஒரு தலையணை மட்டும் யாரோ வாங்கி வைத்திருந்தார்கள். யார் என்று இன்றுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இரண்டு வார்த்தை

ராத்திரி ஷிஃப்ட் தம்பிகளுக்கும், விடிய விடிய செல்போனில் விளையாடும் காலேஜ் தம்பிகளுக்கும் முதல் வார்த்தை. ஸ்வீடனில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. இருபது வயதுக்கு முன்பே ஷிஃப்ட் வேலைக்குப் போனவர்களிடம் பிற்காலத்தில் எம்.எஸ். அதிகமாகக் காணப்பட்டதாக 2011-ல் ஒன்று. 15 முதல் 19 வயதில் ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களிடமும் அதிகம் என்று 2023-ல் இன்னொன்று. தூங்காததுதான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. முழித்திருக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி வந்துவிடப் போவதும் இல்லை. ஆனால் தூக்கத்தை 'வேஸ்ட்' கணக்கில் எழுதாதீர்கள் என்று சொல்ல இது போதும்.

இரண்டாவது வார்த்தை எல்லாருக்கும். கண் திடீரென்று மங்கி, அசைத்தால் வலித்தால், கை கால் நாள்கணக்கில் மரத்துப் போயிருந்தால், நரம்பு டாக்டரைப் பாருங்கள். வியாதியின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் இன்று பல இருக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. எம்.எஸ். என்று தெரிந்தவர்களுக்குத் துணை நிற்க, 1985-லிருந்து மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா இருக்கிறது. சென்னையிலும் கிளை உண்டு.

உங்கள் ஆபீஸிலும் ஒரு தூங்குமூஞ்சி இருப்பார். அவருக்கு எம்.எஸ்.தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மூச்சு நிற்கும் குறட்டையாக இருக்கலாம், யாரிடமும் சொல்லாத மனக்கஷ்டமாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்தீங்களா என்று பக்கத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பட்டப்பெயர் வைக்க அரை நிமிஷம் போதும். எனக்கு அதைக் கழற்ற இரண்டு வருஷம் ஆயிற்று.